லொரெய்ன் நிரப்பிய கட்டம்

எங்கள் தமிழ்ச் சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று வித்யா போன் பண்ணியபோது நான் கேட்ட முதல் கேள்வி, எழுதுகிறவர்களுக்குப் பொங்கல் விழாச் சாப்பாடு இலவசமா என்பதுதான். வித்யா மலரின் ஆசிரியர். பகலில், நான் வாழ்நாளெல்லாம் பார்த்த அதே வேலையை வேறொரு கம்பெனியில் பார்க்கிறாள்.

"அங்கிள், இப்ப நியூ ஜெர்சியில வேலைக்கு விளம்பரம் கொடுத்தா, சம்பளம் எவ்வளவுலேர்ந்து எவ்வளவு வரைக்கும்னு அதுலயே போடணும். எங்க ஆபீஸ்ல எல்லாரும் தலையைப் பிச்சுக்கறாங்க. உங்க காலத்துல எப்படி இருந்துதுன்னு எழுதுங்களேன். உங்க ஸ்டைல்ல, சிரிக்கச் சிரிக்க."

சிரிக்கச் சிரிக்கத்தான் ஆரம்பித்தேன். நாலு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். என் மனைவி சாரதா குப்பைக்கூடையை எட்டிப் பார்த்துவிட்டு, "லொரெய்னை விட்டுட்டுச் சுத்திச் சுத்தி எழுதறீங்க, அதான் வரமாட்டேங்குது" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் சொன்னது சரியாக இருப்பது எனக்குப் பெரிய தொல்லை.

ஒவ்வொருவருக்கும் என்ன சம்பளம் கொடுக்கலாம் என்று கம்பெனிக்குக் கணக்குப் போட்டுச் சொல்வது என் வேலை. என் மாமியாருக்கு அது கடைசி வரை புரியவில்லை. "தன் சம்பளத்தையே கேட்டு வாங்கத் தெரியாத மாப்பிள்ளை ஊராருக்கு எல்லாம் நிர்ணயம் பண்றாராம்" என்று மாம்பலம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். புள்ளியியல் படித்தேன், ஆட்களைக் கம்பெனிகளுக்கு அனுப்பிக் காசு பார்க்கும் ஒரு ஏஜென்சியைப் பிடித்து இங்கே வந்தேன், இரண்டு மூன்று இடம் மாறி பிஸ்கட்டவே என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கம்பெனியில் உட்கார்ந்தேன். வைத்தியநாதன் என்ற நான் முதல் வாரமே 'வைடி' ஆனேன். மீதி எழுத்துகள் எங்கே போயின என்று இன்று வரை தெரியாது.

வேலை நடந்த விதத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பதவிக்கும் மூன்று எண்கள் உண்டு. அடி எண், நடு எண், உச்சி எண். அந்தப் பட்டியல் பூட்டு போட்ட ஃபைலில் இருக்கும். அதைப் பார்க்கக் கூடியவர்கள் மூன்றே பேர், நான் அதில் ஒருவன். வேலைக்கு வருகிறவர் ஒரு படிவத்தை நிரப்புவார். இரண்டாம் பக்கத்தில் நான் போட்டு வைத்த ஒரு சின்னக் கட்டம்: 'தற்போது வாங்கும் சம்பளம்.' அந்த எண்ணை நான் செய்த எக்செல் ஷீட்டில் போட்டால், அதோடு பத்து சதவீதம் சேர்த்து, அடி எண்ணுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டு, ஒரு தொகையைத் துப்பும். நான் கையெழுத்துப் போடுவேன். நாலு நிமிஷ வேலை.

அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால்? ஷீட் குழம்பிப் போய் நிற்கக் கூடாதே என்று, காலியாக இருந்தால் நடு எண்ணை எடுத்துக்கொள் என்று எழுதி வைத்திருந்தேன். பெரிய தத்துவம் எதுவும் இல்லை, சோம்பேறித்தனம். ஆனால் அது எனக்கு மட்டும் தெரிந்த சோம்பேறித்தனம்.

லொரெய்ன் என்ற கறுப்பினப் பெண்மணி ஒரு கவுன்ட்டி அரசு ஆஸ்பத்திரியின் ரெக்கார்ட் ரூமிலிருந்து எங்களிடம் வந்தார். ஒவ்வொரு தொகுதி மருந்தும் எப்படித் தயாரானது என்ற காகிதங்களைச் சரிபார்க்கும் பிரிவில் வேலை. ஒரு கையெழுத்து விட்டுப்போனால் லாரி நகராது, அப்படிப்பட்ட இடம். அவருடைய படிவம் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. நீல மை, அச்சடித்த மாதிரி எழுத்து. அந்தச் சின்னக் கட்டத்தில் தன் சம்பளத்தை டாலர் மட்டுமல்ல, சென்ட் வரைக்கும் எழுதியிருந்தார். ஆஸ்பத்திரி கொடுத்தது மிகவும் குறைவு. பத்து சதவீதம் சேர்த்தும் அது அடி எண்ணைத் தொடவில்லை. ஷீட் அவரை அடி எண்ணில் உட்கார வைத்தது. நாலு நிமிஷம்.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் எல்லோருக்கும் ஒரே சதவீத உயர்வு. கேட்க நியாயமாக இருக்கும். சின்ன எண்ணில் மூன்று சதவீதம் சின்னதாகத்தான் வளரும் என்பதைப் புள்ளியியல் படித்தவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. லொரெய்ன் சூபர்வைசராக ஆனபோதும், உள்ளேயிருந்து உயர்கிறவருக்கு இவ்வளவுக்கு மேல் கூடாது என்று ஒரு விதி. வெளியிலிருந்து வருகிறவருக்கு அந்த விதி கிடையாது.

என் மேலதிகாரி கேரல். அவர் குரலை உயர்த்தி ஒருநாளும் கேட்டதில்லை. எழுந்து போய்க் கதவை மெதுவாகச் சாத்துவார், மேஜைமேல் இருக்கும் கண்ணாடிக் கிண்ணத்தை நம் பக்கம் தள்ளுவார். அதில் புதினா மிட்டாய். மிட்டாய் வந்தால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். நாம் கொண்டுபோன தாளைப் பென்சிலால் படிப்பார். ஓரத்தில் ஒரு சின்னக் கேள்விக்குறி மட்டும் போட்டுத் திருப்பித் தருவார். கேள்வி என்னவென்று நாமே கண்டுபிடித்து நாமே பதில் எழுதிக்கொண்டு வர வேண்டும். அந்தப் பென்சிலுக்கு நான் பயந்த அளவு கடவுளுக்குக்கூடப் பயந்ததில்லை.

கடவுள் என்றதும் நினைவுக்கு வருவது பிரிட்ஜ்வாட்டரில் இருக்கும் நம் கோயில். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும்: தரிசனம் ஏழு நிமிஷம், கேன்டீன் ஒன்றரை மணி நேரம். எந்த கம்பெனி, என்ன விசா, எவ்வளவு தர்றான். மூன்றாவது கேள்வி வரும்போது தோசை இன்னும் ஆறியிருக்காது. இங்கே பிறந்த நம் பிள்ளைகளுக்கு மானம் போகும். "அப்பா, யூ கான்ட் ஜஸ்ட் ஆஸ்க் பீப்பிள் தட்" என்று என் மகள் மேஜைக்கு அடியில் காலை மிதிப்பாள். ஆனால் எனக்கே அங்கேதான் கண் திறந்தது. ஏஜென்சியில் இருந்த நாளில், வரிசையில் எனக்கு முன்னால் நின்ற யாரோ ஒருவர் என் சம்பளத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "உன்னைக் காட்டி அவன் ரெண்டு பங்கு வாங்கறான்பா" என்றார். அடுத்த வாரமே வேறு வேலை தேட ஆரம்பித்தேன். அவர் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்தக் கடனைத்தான் திருப்பிக் கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். நம்ம பசங்க யாராவது எங்கள் கம்பெனிக்கு அப்ளை பண்ணியிருந்தால், சாம்பாரை ஊற்றிக்கொண்டே காதோடு சொல்லுவேன்: அந்தக் கட்டத்தை நிரப்பாதே, இந்த எண்ணைக் கேள், இதற்குக் கீழே இறங்காதே. எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று நினைவில்லை. பெரிய மனுஷன் என்று பெயர். ஒரு பையன் வேலை கிடைத்ததும் வெள்ளிக் குங்குமச் சிமிழ் கொண்டுவந்து கொடுத்தான். சாரதா இன்னும் வைத்திருக்கிறாள்.

கார்த்திக் அப்படி வந்தவன். இங்கேயே மாஸ்டர்ஸ் முடித்து, எங்கோ அரைச் சம்பளத்தில் இருந்தான். கட்டத்தை நிரப்பியிருந்தால் ஷீட் அவனையும் அடியில்தான் உட்கார வைத்திருக்கும். காலியாக விட்டான், நடுவில் போய் உட்கார்ந்தான். அவனைப் போட்டது லொரெய்னின் பிரிவில். பதினாலு வருஷ அனுபவத்தை வைத்துக்கொண்டு, அவனுக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் லொரெய்ன்.

ஒரு மாதம் போயிருக்கும். மத்தியானம் கார்த்திக் போன் பண்ணினான்.

"அங்கிள், தப்பு பண்ணிட்டேனான்னு தெரியல. லஞ்ச்ல லொரெய்ன்கிட்ட உங்களுக்கு எவ்வளவு தர்றாங்கன்னு கேட்டேன்."

"ஏன்டா கேட்ட?"

"சும்மாதான் அங்கிள். அவங்க எனக்குச் சொல்லித் தர்றவங்க, என்னைவிட நிறைய இருக்கும்ல, நாமளும் எதுவரைக்கும் போகலாம்னு தெரிஞ்சுக்கலாம்னு. அவங்க சொன்னாங்க. அப்புறம் என்னோடதைக் கேட்டாங்க. நானும் சொல்லிட்டேன். அவங்க அதுக்கப்புறம் சாப்பிடல."

அவன் சம்பளம் லொரெய்னுடையதைவிட ஒன்பதாயிரம் டாலர் அதிகம்.

மறுநாள் காலை லொரெய்ன் என் இடத்துக்கு வந்தார். கையில் ஒரே ஒரு தாள், அதே நீல மை. இடது பக்கம் தான் செய்யும் வேலைகள், வலது பக்கம் கார்த்திக் செய்யும் வேலைகள். வலது பக்கம் சீக்கிரமே முடிந்துவிட்டது. கோபமாக இல்லை. வேலையில் ஒரு தாளைச் சரிபார்க்கும் அதே முகம்.

"வைடி, நான் இதில் ஏதாவது தப்பாக எழுதியிருக்கிறேனா, பார்த்துச் சொல்" என்றார்.

எதுவும் தப்பில்லை. எனக்கு அது தெரியும். அந்த ஃபைலைத் திறக்கக்கூட வேண்டாம். நான் சொன்னது இது: "லொரெய்ன், அடுத்தவர் சம்பளத்தைப் பற்றிப் பேசுவது ஆபீஸில் நன்றாக இருக்காது."

ஞாயிறுதோறும் சட்னியோடு சம்பளத்தைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்ட வாய் அது.

"நான் பேசவில்லை. அந்தப் பிள்ளைதான் கேட்டான். சாப்பிட்டாயா என்று கேட்கிற மாதிரி அவ்வளவு மரியாதையாகக் கேட்டான். இத்தனை வருஷத்தில் இங்கே என்னை யாரும் அதைக் கேட்டதில்லை." பிறகு, "அவனுக்கு அந்த எண்ணைக் கேட்க வேண்டும் என்று எப்படித் தெரிந்தது?" என்றார்.

"இன்டர்நெட்டில் பார்த்திருப்பான்."

அவர் தாளை என் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் அந்தத் தாளோடு போனபோது கேரலின் கதவு சாத்தப்பட்டது, மிட்டாய் வந்தது. இந்த வித்தியாசத்துக்குக் காரணம் சொல்லி, வக்கீல் படிக்கும்படி மூன்று வரி வேண்டும் என்றார். எழுதினேன். இருவரின் முந்தைய அனுபவம் வேறு. சேர்ந்த காலத்துச் சந்தை நிலவரம் வேறு. இருவருடைய சம்பளமும் அவரவர் பதவிக்கான வரம்புக்குள்ளேயே இருக்கிறது. மூன்று வரியும் உண்மை. பொய் எழுதியிருந்தால்கூட இப்போது இவ்வளவு கூசாது. பென்சில் ஒரு கேள்விக்குறிகூடப் போடவில்லை. "தெளிவாக இருக்கிறது" என்றார் கேரல். அந்தப் பாராட்டை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். சாரதா கேட்டுவிட்டு, "ஊர்ப் பசங்களுக்கெல்லாம் சொன்னீங்க, பக்கத்து ரூம்ல இருக்கறவங்களுக்குச் சொல்ல வாயில கொழுக்கட்டையா?" என்றாள். நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன்.

லொரெய்னுக்கு அந்த வித்தியாசத்தில் பாதியைக் கொடுத்தார்கள், அந்த மாதத்திலிருந்து. முந்தைய பதினாலு வருஷத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

சில வருஷம் கழித்து மாநிலத்தில் சட்டம் வந்தது: வேலைக்கு வருகிறவரிடம் பழைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது. படிவத்திலிருந்து கட்டத்தை எடுத்தோம். எடுத்தவனும் நானே. ஒரே ஒரு டெலிட். அதை எல்லோருக்கும் விளக்கிச் சொல்லும் கூட்டத்துக்கும் என்னையே நிறுத்தினார்கள், ஜோக் அடித்துக் கூட்டத்தை விழித்திருக்க வைப்பேன் என்று. ஏஜென்சிக்காரனிடம் நான் ஏமாந்த கதையைச் சொன்னேன். நல்ல சிரிப்பு. இந்த நாட்டில் கறுப்பினப் பெண்களுக்கு வேலைக்கேற்ற கூலி கிடைப்பதில்லை, அந்தக் கட்டம் பழைய அநியாயத்தைப் புது வேலைக்கும் தூக்கிக்கொண்டு வருகிறது, அதனால்தான் இந்தச் சட்டம் என்று ஸ்லைடில் இருந்ததைப் படித்தேன். இரண்டாவது வரிசையில் லொரெய்ன் கை தூக்கினார்.

"கட்டத்தை எடுத்துவிட்டீர்கள், சரி. அந்தக் கட்டத்தை வைத்துப் போட்ட சம்பளங்கள் எல்லாம்?"

ஹாலில் நூறு பேர். நான் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "நான் வெறும் டெலிட் பட்டன் மட்டும்தான், அன்டூ பட்டன் அடுத்த மாடியில் இருக்கிறது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். லொரெய்னும் சிரித்தார், ஒரு கணம் தாமதமாக. என் ஜோக்குகளுக்கு அவர் எப்போதுமே அப்படித்தான் சிரிப்பார். ரசித்துச் சிரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அந்தக் கேள்வி அடுத்த மாடியில் இருந்த பெரிய அதிகாரிகளை எட்டிவிட்டது. கம்பெனி முழுக்கச் சம்பளத்தைப் பரிசீலிக்க வேண்டும் என்று உத்தரவு. கேரல் கணக்கை என்னிடம் கொடுத்தார். முதல் தடவை ஓட்டி வரைபடம் போட்டபோது, கறுப்பினப் பெண்கள் வரிசையாக நடுக்கோட்டுக்குக் கீழே புள்ளி புள்ளியாகக் கிடந்தார்கள். கேரல் தாளின் ஓரத்தில் கேள்விக்குறி போட்டார். நியாயமான காரணங்களையெல்லாம் கணக்கில் சேர்த்தாயா என்று அதற்கு அர்த்தம். படிப்பைச் சேர்த்தேன், அனுபவத்தைச் சேர்த்தேன், பதவியைச் சேர்த்தேன். இன்னும் கீழேதான் இருந்தார்கள். கடைசியாக, சேர்ந்த அன்று வாங்கிய சம்பளத்தையும் ஒரு காரணமாகச் சேர்த்தேன். புள்ளிகள் சமர்த்தாகக் கோட்டுக்கு ஏறி வந்துவிட்டன.

புரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒருவரைக் குழியில் இறக்கிவிட்டு, அவர் ஏன் தாழ இருக்கிறார் என்று கேட்டால், குழியில் நிற்கிறார் அதனால்தான் என்று நான் பதில் எழுதினேன். 'காரணம் சொல்ல முடியாத வித்தியாசம் ஏதுமில்லை' என்று அறிக்கை போயிற்று. அந்த வருஷம் எனக்கு நல்ல போனஸ். வீட்டு பேஸ்மென்டைப் புதுப்பித்து, அதில் ஒரு பெரிய டிவி மாட்டினேன்.

நான் ஓய்வு பெற்று மூன்று வருஷமாகிறது. லொரெய்ன் ஓய்வு பெற்றது போன வருஷம். இப்போது இந்தப் புது விதி. வித்யா பேசிய அதே வாரம், லொரெய்னிடமிருந்து ஒரு மெசேஜ். அவருடைய பழைய பதவிக்கு ஆள் தேடும் விளம்பரம். அடி எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருந்தார். கீழே ஒரு வரி: 'இது என் கடைசி நாள் சம்பளத்தைவிட அதிகம். காபிக்கு வா.'

பிஸ்கட்டவேயில் அவர் வீடு எங்கள் வீட்டிலிருந்து பன்னிரண்டு நிமிஷம். இத்தனை வருஷத்தில் ஒரு தடவை போனதில்லை. சொல்ல வேண்டியதைப் போகும்போது காரிலேயே பேசிப் பழகினேன். சமையலறை மேஜையில் உட்கார வைத்தார். காபி கொடுத்தார். கிண்ணத்தில் மிட்டாய் இல்லை என்று ஒரு ஜோக் வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். கேன்டீன், காலிக் கட்டம், நடு எண், மூன்று வரி, குழிக் கணக்கு. அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

"கேன்டீன் விஷயம் எனக்குத் தெரியும். அன்றைக்கு லஞ்சிலேயே கார்த்திக் சொல்லிவிட்டான். கோயிலில் ஒரு அங்கிள் சொல்லித் தந்தார் என்று. எந்த அங்கிள் என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டாம்."

"தெரிந்துதான் மறுநாள் என்னிடம் கேட்டீர்களா?"

"நீ என்ன சொல்லுவாய் என்று பார்க்கக் கேட்டேன்."

இன்டர்நெட் என்று சொன்னேன். அதற்குப் பிறகு பத்து வருஷம் அந்த நடைகூடத்தில் எதிரே வரும்போதெல்லாம் ஜோக் அடித்தேன். அவர் ஒரு கணம் தாமதித்துச் சிரித்தார். அந்த ஒரு கணத்தில் என்ன இருந்தது என்று எனக்கு அந்த மேஜையில்தான் புரிந்தது.

மன்னிப்புக் கேட்டேன். அவர் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவருடைய சோஷியல் செக்யூரிட்டி பணம், அதாவது அரசாங்க ஓய்வூதியம், வாழ்நாளில் வாங்கிய சம்பளத்தை வைத்துத்தான் வருகிறது. அதாவது என் நாலு நிமிஷக் கணக்கு இன்றும் மாதா மாதம் அவர் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது. அதற்கு நான் கேட்கும் மன்னிப்பை அவர் எங்கே கொண்டுபோய்ப் போடுவார்?

எழுந்து போய் லாப்டாப்பை எடுத்து வந்தார். அவர் தங்கை மகளுக்கு டெக்சாஸில், டாலஸ் பக்கம், ஒரு வேலை வரும்போல இருக்கிறது. அவள் சரிபார்க்க அனுப்பியிருந்த படிவத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினார். டெக்சாஸில் நம் மாநிலச் சட்டம் இல்லை. இரண்டாம் பக்கம், சின்னக் கட்டம்: 'தற்போது வாங்கும் சம்பளம்.' அந்தப் பெண் நிரப்பியிருந்தாள். சென்ட் வரைக்கும்.

"கார்த்திக்குக்குச் சொன்னதை இவளுக்குச் சொல்" என்றார் லொரெய்ன்.

பதவியைப் பார்த்தேன், ஊரைப் பார்த்தேன். இன்னும் மறக்கவில்லை. கட்டத்தைக் காலி பண்ணச் சொன்னேன், ஒரு எண்ணைச் சொன்னேன், இதற்குக் கீழே இறங்க வேண்டாம் என்றேன். என் குரல் தானாகவே தணிந்து காதோடு பேசுகிற மாதிரி ஆகிவிட்டது. லொரெய்ன், "சத்தமாகவே சொல், என் வீடுதான்" என்றார். மறுபடி சொன்னேன். நீல மையில் எழுதிக்கொண்டார்.

உடனே போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். இரண்டாம் பக்கத்தில் இருக்கும் கட்டத்தை அழித்துவிடு, காலியாகவே அனுப்பு என்றார். அந்தப் பெண் தயங்கினாள். காலியாக விட்டால் தப்பாக நினைக்க மாட்டார்களா பெரியம்மா, யார் அப்படிச் சொன்னது என்று கேட்டாள்.

லொரெய்ன் என்னைப் பார்த்தார்.

"அந்தக் கட்டத்தைப் போட்டவன்" என்றார். "இங்கேதான் உட்கார்ந்திருக்கிறான்."